பந்தைப் பார்க்காமல் ஃபுட்பால் பார்ப்பது எப்படி? கதீஜா ஷாவை வைத்து நான் கற்ற கணக்கு

என் மகளுக்கு 11 வயது. மான்செஸ்டரில் நாங்கள் இருக்கும் பகுதியின் சிறுமியர் அணியில் ஃபார்வர்ட், அதாவது கோல் அடிக்க முன்வரிசையில் நிற்பவளாக, ஆடுகிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழையில் மேட்ச் முடிந்ததும் அவளுடைய அப்போதைய பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "இன்னைக்கு நீ ஆட்டத்திலேயே இல்லை." கார் வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டிருந்தது. வீடு வரும்வரை அவள் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அவள் ஆட்டத்தில் இருந்தாளா இல்லையா என்று எனக்கே தெரியாது. ஒரு மணி நேரமும் நான் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே நோட்டு வாங்கினேன். மளிகை மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுவது என் வேலை. கோடு போட்ட தாளில் ஏற்றினால்தான் எனக்கு எதுவும் புரியும். ஒரு ஃபார்வர்ட் 90 நிமிடமும் என்ன செய்கிறார் என்று எழுதிப் பார்க்க, எங்கள் ஊரிலேயே கிடைத்த மிகச் சிறந்த ஆளைப் பிடித்துக்கொண்டேன்: மான்செஸ்டர் சிட்டி பெண்கள் அணியில் ஆடிய ஜமைக்காக்காரர் கதீஜா ஷா. 2023–24 சீசனில் என்னால் போக முடிந்த ஆட்டங்களில் எல்லாம் அவரை மட்டுமே பார்த்தேன். அந்தப் பழக்கத்தை இங்கே சொல்லித் தருகிறேன். எந்த ஃபார்வர்டுக்கும் இது பொருந்தும். ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் ஆளை மாற்றாதீர்கள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. உலகம் அவரைச் செல்லப்பெயரால்தான் கூப்பிடுகிறது. சின்ன வயதில் கேரட் பிரியையாம். அண்ணன் ஒருவர் முயலுக்கான ஆங்கிலச் செல்லப்பெயரை வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. அதைத் தமிழில் எழுதினால் நம் காதில் வேறு பொருளில் விழும். அவருக்கு அந்த அவமரியாதை வேண்டாம். நான் கதீஜா என்றே எழுதுகிறேன்.

ஆளைத் தெரிந்துகொண்டு போங்கள்

முதல் ஆட்டத்துக்குப் போகும் முன் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, உங்கள் ஃபார்வர்ட் எந்த வழியாக வந்தார் என்று படியுங்கள். யாரென்று தெரியாத ஆளை 90 நிமிடம் உற்றுப் பார்ப்பது கஷ்டம். பத்து நிமிடத்தில் கண் தானாகப் பந்துக்கு ஓடிவிடும். கதை தெரிந்தால் ஓடாது.

கதீஜா பிறந்தது 1997 ஜனவரி 31, ஸ்பானிஷ் டவுன். கிங்ஸ்டனுக்கு மேற்கே இருக்கும் பழைய தலைநகரம். 13 பிள்ளைகளில் கடைக்குட்டி. அண்ணன்களோடு ஆடித்தான் பந்து பழகினார். அந்த அண்ணன்களில் நான்கு பேரைப் பிற்பாடு வன்முறையிலும் விபத்திலும் பறிகொடுத்தார். ஒரு வீட்டில் ஒரு சாவு விழுந்தாலே பிள்ளைகள் படிப்பை விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறோம். இந்தப் பெண் அத்தனையையும் சுமந்துகொண்டு ஆடினார்.

ஜமைக்காவில் பையன்களின் பள்ளி ஃபுட்பால் ஒரு திருவிழா மாதிரி. கிங்ஸ்டன் பக்கத்துப் பள்ளிகளுக்கு மானிங் கோப்பை, மற்ற ஊர்ப் பள்ளிகளுக்கு டகோஸ்டா கோப்பை. பெண்பிள்ளைகளுக்கு அவ்வளவு பெரிய ஏணி கிடையாது. கதீஜா வளர்ந்த காலத்தில் பெண்கள் தேசிய அணியே பணமில்லை என்று முடங்கிக் கிடந்தது. 2014-ல் பாப் மார்லியின் மகள் செடெல்லா மார்லி நிதி திரட்டிக் கொடுத்த பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. ஆகவே கெட்டிக்காரப் பெண்களுக்குத் திறந்திருந்த பெரிய வாசல் அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகை. கதீஜாவும் அந்த வழியாகத்தான் போனார். முதலில் ஈஸ்டர்ன் ஃபுளோரிடா ஸ்டேட் கல்லூரி, பிறகு டென்னசி பல்கலைக்கழகம். அங்கே 2018-ல் அவர்கள் ஆடிய தென்கிழக்கு வட்டார லீகின் சிறந்த தாக்குதல் வீராங்கனை விருது அவருக்கு.

அதே வருடம் அக்டோபர் 17, டெக்சாஸ் மாநிலத்தின் ஃபிரிஸ்கோ. எதிரில் பனாமா. ஜெயித்தால் உலகக் கோப்பையில் ஆடலாம். கதீஜா ஒரு கோல் அடித்தார், கூடுதல் நேரத்தில் ஜோடி பிரவுன் ஒன்று, ஆட்டம் 2–2. பெனால்டிக்காகவே இறக்கிவிடப்பட்ட கோல் கீப்பர் நிக்கோல் மெக்ளூர் இரண்டைத் தடுத்தார். பெண்கள் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற முதல் கரீபிய நாடானது ஜமைக்கா. 2019 உலகக் கோப்பை முடிந்த கையோடு பிரான்ஸின் போர்தோ அணி. 2020–21 சீசனில் அங்கே 22 கோல் அடித்து லீகிலேயே முதலிடம். 2021 கோடையில் மான்செஸ்டர் சிட்டி.

இவ்வளவு போதும். இனி மைதானம்.

எங்கே உட்காருவது

சிட்டி பெண்கள் அணி ஆடும் ஜோயி ஸ்டேடியம் எத்திஹாட் வளாகத்திலேயே இருக்கிறது. 7,000 பேர் கொள்ளும். சின்ன மைதானம் என்பதே வரம். டிஃபெண்டர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல்கூடக் கேட்கும்.

பக்கவாட்டில், கூடிய வரை மேல் வரிசையில், பெனால்டி பாக்ஸின் கோட்டுக்கு நேராக உட்காருங்கள். சிட்டி எந்தப் பக்கம் தாக்குகிறது என்று பார்க்க வேண்டாம். ஒரு பாதியில் அவர் உங்கள் அருகே இருப்பார், மறு பாதியில் தூரத்தில். இரண்டுமே தேவை. அருகே இருக்கும்போது கை, தோள், இடுப்பு தெரியும். தூரத்தில் இருக்கும்போது அவர் எந்த இடத்தைக் காலி செய்கிறார், அங்கே யார் நுழைகிறார் என்பது தெரியும். கோல் போஸ்டுக்குப் பின்னால் உட்காருவதை ஐந்தாறு ஆட்டம் பழகிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

டிவியில் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். கேமரா பந்தின் பின்னால் போய்விடும். கோல் கிக், கார்னர், ஃப்ரீ கிக் நேரங்களில் மட்டும் அகலமாகக் காட்டுவார்கள். அந்த நொடிகளைப் பிடியுங்கள்.

நான்கு குறி, ஒரு வட்டம்

நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு பாதி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி, ஆக ஒன்பது வரி. குனிந்து வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தால் ஆட்டம் போய்விடும் என்பதால், குனியாமலே எழுதக்கூடிய நான்கு சொற்களை வைத்துக்கொண்டேன். அவர் பந்தை நோக்கி இறங்கி வந்தால் "வா". டிஃபெண்டர்களின் முதுகுப் பக்கம் ஓடினால் "போ". பந்து எங்கோ இருக்க, எதிரணியின் இரண்டு சென்டர் பேக்குகளுக்கு (கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் டிஃபெண்டர்கள்) நடுவே தங்கினால் "நில்". எதிரணியிடம் பந்து இருக்கும்போது பாதையை மறித்தால் "தடு". அந்த அசைவின் முடிவில் பந்து அவர் காலுக்கு வந்தால் குறியைச் சுற்றி ஒரு வட்டம்.

முதல் ஆட்டத்தின் பக்கத்தை வீட்டில் வைத்துப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. பக்கம் நிறையக் குறிகள். வட்டம் அங்கொன்றும் இங்கொன்றும். லீகிலேயே அதிகம் கோல் அடிக்கிற ஆளின் பக்கம் அது. வட்டமில்லாத அத்தனை குறிகளையும் "ஆட்டத்தில் இல்லை" என்று ஒருவர் சொல்லிவிட முடியும்.

"வா" பார்ப்பதற்கு எளிது. கோல் கீப்பர் நீளமாக உதைக்கிறார். கதீஜா ஏறத்தாழ ஆறடி உயரம். சென்டர் பேக் பின்னாலிருந்து அவர் முதுகில் முன்கையை வைத்து அழுத்துகிறார். இங்கே பந்தைப் பார்க்காதீர்கள், கதீஜாவின் இடுப்பைப் பாருங்கள். பந்து இறங்குவதற்கு ஒரு நொடி முன்னால் அவர் பின்பக்கமாகச் சாய்ந்து, தன் எடையை அந்த டிஃபெண்டர் மேல் போடுகிறார். டிஃபெண்டர் தள்ளாடும் அந்த நொடியில் கதீஜா பந்தை நெஞ்சில் வாங்கி, ஒரே தொடுதலில் ஓடிவரும் ஆளுக்குத் தட்டிவிடுகிறார். ஸ்கோர் பட்டியலில் இதற்கு இடமே கிடையாது.

"நில்" புரிய எனக்கு நாலைந்து ஆட்டம் பிடித்தது. சும்மா நிற்பதில் என்ன வேலை என்றுதான் நானும் நினைத்தேன். பந்து நடுவில் சிட்டியின் யுய் ஹசெகாவாவிடம் இருக்கிறது. எதிரணி சென்டர் பேக்குகளில் ஒருவர் முன்னேறி அவரை நெருக்கலாம். நெருக்குவதில்லை. ஏன்? அவர் ஒரு அடி விட்டுக்கொடுத்தால் கதீஜா அந்த இடைவெளியில் நுழைந்துவிடுவார். ஆக இரண்டு டிஃபெண்டர்கள் ஒரு ஆளுக்காகக் கட்டிப்போட்டபடி நிற்கிறார்கள். ஹசெகாவாவுக்குத் தலை தூக்கிப் பார்க்க நேரம் கிடைக்கிறது. "நில்" குறி விழும் ஒவ்வொரு முறையும் கண்ணைக் கதீஜாவிடமிருந்து எடுத்து, அந்த இரண்டு டிஃபெண்டர்களின் கால்களைப் பாருங்கள். கால்கள் அவரை நோக்கித் திரும்பியிருந்தால் நின்றது வேலை செய்கிறது. கணக்கில் இதை நாங்கள் முடங்கிய சரக்கு என்போம். இங்கே முடங்குவது எதிரணியின் சரக்கு.

ஆஃப்சைடு கொடி உயர்ந்தாலும் "போ" குறியை அடித்துவிடாதீர்கள். அந்த ஓட்டம் டிஃபெண்டர்களை ஐந்து கஜம் பின்னால் தள்ளியிருக்கும். "தடு" பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. குறித்து மட்டும் வையுங்கள்.

இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: தலை. பந்து வருவதற்கு முன் அவர் எத்தனை முறை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறார் என்று ஒரு பத்து நிமிடம் மட்டும் எண்ணுங்கள். அதற்கு மேல் எண்ணினால் மற்றது எல்லாம் விட்டுப்போகும்.

பாக்ஸுக்குள் மூன்று நொடி

கோல் விழும் இடத்துக்கு வருவோம். இடது ஓரத்தில் சிட்டியின் லாரன் ஹெம்ப் பந்தோடு போகிறார், கோல் முன்னால் பந்தைத் தூக்கிப் போடும் கிராஸ் வரப்போகிறது. மைதானமே ஹெம்பைப் பார்க்கிறது. நீங்கள் பார்க்க வேண்டாம்.

டிஃபெண்டருக்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு. பந்தையும் பார்க்க வேண்டும், கதீஜாவையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால்தான் முடியும். கதீஜா அதைத் தெரிந்துகொண்டு, கோலை நோக்கி ஓடாமல் இரண்டு எட்டு பின்வாங்கி, டிஃபெண்டரின் முதுகுப் பக்கமாக, தூரத்துப் போஸ்டை நோக்கி நகர்கிறார். டிஃபெண்டர் அவரைத் தேடித் தலையைத் திருப்புகிறார். ஹெம்பின் கால் பந்தில் படுகிறது. டிஃபெண்டரின் தலை மறுபடி பந்துக்குத் திரும்புகிறது. அந்த நொடியில்தான் கதீஜா முன்னால் பாய்கிறார். பந்து வரும்போது அவர் ஏற்கெனவே ஓட்டத்தில் இருக்கிறார். டிஃபெண்டர் நின்ற இடத்திலிருந்து குதிக்க வேண்டியிருக்கிறது. உயரத்தால் ஜெயித்தார் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். உயரம் உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு பின்னெட்டு இல்லாவிட்டால் அந்த உயரம் டிஃபெண்டர் தோளோடு முட்டிக்கொண்டுதான் நின்றிருக்கும்.

வீட்டிலிருந்தே பழக ஒரு கோல் சொல்கிறேன். 2022 ஜூலையில் மான்டெர்ரேயில், மெக்சிகோவை அதன் சொந்த மண்ணிலேயே ஜமைக்கா 1–0 என்று ஜெயித்த ஆட்டம். ஆரம்ப நிமிடங்களிலேயே கதீஜா தலையால் அடித்த கோல். வீடியோவைப் பந்து வருவதற்கு மூன்று நொடி முன்னால் நிறுத்தி, விட்டு விட்டு ஓட்டுங்கள். பத்து முறை பார்த்தாலும் தகும்.

கோல் கணக்கை எப்படிப் படிப்பது

இது என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பவர் கணக்கைப் பார்க்கவில்லை.

லீக் கோல், கோப்பை ஆட்டக் கோல், நாட்டுக்கு அடித்த கோல் மூன்றையும் தனித்தனிப் பத்தியில் போடுங்கள். பெனால்டியைத் தனியாகக் குறியுங்கள். பக்கத்திலேயே எத்தனை ஆட்டம் ஆடினார் என்று எழுதுங்கள். 2022–23-ல் கதீஜா இங்கிலாந்து பெண்கள் லீகில் 20 கோல். 22 அடித்த ரேச்சல் டேலி முந்திக்கொண்டார். 2023–24-ல் 18 ஆட்டத்தில் 21 கோல், அதிகம் அடித்தவருக்கான கோல்டன் பூட் விருது அவருக்கே. கால்பந்து எழுத்தாளர்கள் சங்கமும், சக வீராங்கனைகளே ஓட்டுப் போடும் ஆட்டக்காரர்கள் சங்கமும் அந்த வருடத்தின் சிறந்தவர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மொத்தம் 22 ஆட்டம், ஆடியது 18. விடுபட்ட நான்கையும் சும்மா விடாதீர்கள். ஏப்ரல் கடைசியில் கால் காயம், சீசன் அத்தோடு முடிந்தது. மே 5 அன்று ஆர்சனலிடம் சிட்டி கடைசி நேரத்தில் 2–1 என்று தோற்றது. இறுதியில் சிட்டியும் செல்சியும் ஆளுக்கு 55 புள்ளி. கோல் வித்தியாசத்தில் கோப்பை செல்சிக்குப் போனது. அன்று நான் அரங்கில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன், "நில்" எழுத ஆள் இல்லை. ஒரு ஃபார்வர்டின் மதிப்பு அவர் ஆடாத ஆட்டங்களில் தெரியும் என்பது என் தீர்மானமான கருத்து. அவர் இல்லாத வரிகளையும் கணக்கில் வெற்றாக விட்டு வையுங்கள், அழிக்காதீர்கள்.

2024–25-ல் 12 கோல்தான், இறங்கிவிட்டார் என்று பேசினார்கள். காயத்தால் பல வாரம் வெளியே இருந்த சீசன் அது. அப்படியும் அலெசியா ருஸோவோடு கோல்டன் பூட்டைப் பகிர்ந்துகொண்டார்.

நாட்டுக்கு அடித்த கோல் பத்தியில் ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதலாம். ஜமைக்கா ஆண்கள் அணியில் அதிகம் அடித்தவர் காலஞ்சென்ற லூட்டன் ஷெல்டன், 35 கோல். கதீஜா அதைத் தாண்டிவிட்டார். ஆண், பெண் யாராக இருந்தாலும் அந்த நாட்டுக்கு அவர் அளவு கோல் அடித்தவர் இல்லை.

அதே பத்தியில் இரண்டு உலகக் கோப்பைகளுக்கும் நேராக பூஜ்யம் வரும். அந்தப் பூஜ்யங்களைப் படிக்கத் தெரிவதுதான் கடைசிப் பாடம். 2019-ல் ஜமைக்கா மூன்று ஆட்டமும் தோற்றது. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹவானா சொலான் அடித்த ஒரே கோலுக்கு, இடைவெளி பார்த்துப் பந்தைத் தந்தவர் கதீஜா. நோட்டில் அது ஒரு "வா".

2023-ல் கதை வேறு. போட்டிக்கு முன்பே தேவையான ஏற்பாடுகள் சரியில்லை என்று கதீஜாவும் சக வீராங்கனைகளும் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள். ஒரு வீராங்கனையின் அம்மா இணையத்தில் நன்கொடை திரட்டினார். அந்த அம்மாவை நினைத்து நான் பலமுறை கண் கலங்கியிருக்கிறேன். அப்படிப் போய் இறங்கிய அணி, சிட்னியில் பிரான்ஸை 0–0 என்று நிறுத்தியது. உலகக் கோப்பையில் அவர்களின் முதல் புள்ளி. அன்று கதீஜா எதிரில் பிரான்ஸின் டிஃபெண்டர் வெண்டி ரெனார் இருக்க, பின்னாலிருந்து வந்த நீளப் பந்துகளை ஒற்றையாகப் பிடித்து வைத்து அணிக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்தார். கடைசி நிமிடங்களில் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போனார். அடுத்த ஆட்டத்தில் அவர் இல்லாமலே அலிசன் ஸ்வாபியின் கோலில் பனாமாவை ஜெயித்தார்கள். திரும்பி வந்து பிரேசிலோடு 0–0. பிரேசில் வெளியேறியது, ஜமைக்கா அடுத்த சுற்றுக்குப் போனது. கொலம்பியாவிடம் 1–0 என்று தோற்கும்வரை ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஃபார்வர்டின் கணக்கில் பூஜ்யம். அந்த நான்கு ஆட்டங்களில் அவர் ஆடிய மூன்றையும் முழு நீள வீடியோவாகத் தேடி, நோட்டோடு உட்காருங்கள். "தடு" என்ற குறி எதற்கு என்று எனக்கு அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டது.

பார்த்ததை எப்படிச் சொல்வது

2025 பிப்ரவரியில் ஒரு ஆட்டத்துக்குப் பிறகு இணையத்தில் அவரை நிறத்தையும் பெண் என்பதையும் வைத்துக் கேவலமாகத் திட்டினார்கள். அடுத்த ஆட்டத்தில் அவர் இறங்கவில்லை. எழுதியவர்கள் அவருடைய ஆட்டத்தை ஒரு பத்து நிமிடமாவது பார்த்திருப்பார்களா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அதனால் எனக்கென்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: நோட்டில் குறி இல்லாத எதையும் ஒரு ஆட்டக்காரியைப் பற்றிச் சொல்வதில்லை. பெரியவரானாலும் சரி, சிறுமியானாலும் சரி. "நல்லா ஆடினே" என்பதும் இதில் அடக்கம். அந்தச் சொல்லால் ஒரு பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. "மூணாவது வரியில் நீ வலப்பக்கம் ஓடினதால்தான் அந்த நடுவிடம் காலியாச்சு" என்றால் கிடைக்கும்.

சிறுமியர் ஆட்டத்துக்கு நோட்டை மாற்ற வேண்டாம், ஒரு பாதிக்கு ஐந்தாறு வரி போதும். "தடு"வை விட்டுவிடுங்கள், அந்த வயதில் எல்லாரும் பந்தைத் துரத்துவார்கள். மற்ற பெற்றோர் கத்தும் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். கத்தினால் கண் பந்துக்குப் போய்விடுகிறது. பேனா வேண்டாம், பென்சில் கொண்டுபோங்கள். மழையில் மை கரைந்து என் முதல் மூன்று பக்கங்கள் போயின.

மேட்ச் முடிந்ததும் காரில் நான் எதுவும் பேசுவதில்லை. நோட்டை அவள் மடியில் வைத்துவிடுவேன். போன ஞாயிறு 22 குறி, ஐந்து வட்டம். சிக்னலில் நிற்கும்போது அவள் விரலை வைத்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டாம் பாதியின் நான்காவது வரியில் விரல் நின்றது. "ம்மா, இங்க 'நில்'னு போட்டிருக்கே. நான் நிக்கலை. அந்த நாலாம் நம்பர் பொண்ணு என் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டா."

பென்சிலை வாங்கி, தானே திருத்தினாள்.